எண்ணுக்கோர் ஏடு

எண்களைப் பயன்படுத்தாதார் உலகில் எவருமிலர். சந்தையிலே காய்கறி விற்பவளும், வங்கியிலே கணக்கெழுதுபவரும், வகுப்பறையிலே வரவு பதியும் ஆசிரியரும் நாள்தோறும் எண்களோடுதான் காலங் கழிக்கின்றனர். ஆயினும் இவர்களெல்லாம் எண்ணைக் கருவியாகக்கொண்டு வேறொன்றை அளக்கின்றார்களேயன்றி, எண்ணையே எடுத்துவைத்து நோக்குவதில்லை. இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டு மாங்காய். அல்லது இருபத்தெட்டு ரூபா. மாங்காயும் ரூபாவும் நீங்கியபின் எஞ்சி நிற்கும் இருபத்தெட்டு எத்தகையது, அதன் உறவினர் யாவர், அதற்கு மட்டுமே உரிய குணம் யாது என்று வினவுவோர் மிகச் சிலரே.

அச்சிலருள் முதன்மையானவர் சீனிவாச இராமாநுஜன். நேர் முழுவெண் ஒவ்வொன்றும் அவருக்குத் தனிப்பட்ட நண்பனாக இருந்தது என்னும் பொருள்படக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லிற்றில்வூட் கூறியதாக ஹார்டி எழுதி வைத்திருக்கின்றார். நண்பர்களை அறிவது எவ்வாறு? அவர்தம் பெயரை மனனஞ் செய்வதால் அன்று; பலகாற் பழகி, கண்டதையும் கேட்டதையும் நினைவிற் பதித்து, ஒருவரோடு ஒருவருக்குள்ள தொடர்பை உணர்வதாலேயாம். எண்களோடும் அவ்வாறு பழகலாம். மேதையல்லாத நம்போன்றோர்க்கு அப்பழக்கத்தை எளிதாக்கும் கருவியொன்று இக்காலத்திற் கிடைத்திருக்கின்றது. அதுவே ‘தனியாள் விக்கி’ எனப்படும் மென்பொருள். அதன் இயல்பையும், அதனைக் கொண்டு முழுவெண்களுக்குக் குறிப்பெழுதுவோர் பெறக்கூடிய பயனையும், அதிலுள்ள இடர்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகை வகுத்த நிகண்டுகள்

எண்ணின் கீழ்க் குறிப்புத் தொகுக்கும் வழக்கம் தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. திவாகரம் முதலாய நிகண்டுகளின் பன்னிரண்டாந் தொகுதியைப் புரட்டியவர்கள் இதனை அறிவர். பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி எனப்படும் அப்பகுதியிலே இருசுடர், முக்குணம், நாற்படை, ஐம்பொறி, அறுசுவை என்றாற்போலத் தொகைப்பெயர்கள் எண்வரிசையில் விரிக்கப்பட்டிருக்கும். வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பிரிவுகளுள் தொகையகராதி என்பதும் ஒன்று. எண்ணைத் தலைப்பாக நிறுத்தி உலகத்துப் பொருள்களை அதன்கீழ் அடுக்கிய நூல்கள் இவை.

திண்ணைப் பள்ளிகளிற் பயின்ற எண்சுவடியோ வேறொரு வகையினது. பெருக்கல் வாய்பாடும், முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாயிலக்கமும், குழிமாற்றும் அதனுள் அடங்கின. முந்திரி 1/320 என்பதும் காணி 1/80 என்பதும் சிறுவர் நாவிலே பாட்டாகப் பதிந்தன. எண்ணின் செயலை விரைவாக்குவதே எண்சுவடியின் நோக்கம்.

நிகண்டு எண்ணினால் உலகை வகுத்தது. எண்சுவடி எண்ணினாற் கணக்கைத் தீர்த்தது. எண்ணின் தன்னியல்பை மட்டும் பொருளாகக்கொண்ட அகராதிகள் ஐரோப்பாவிலே அண்மைக் காலத்திற்றான் தோன்றின. பிரான்சிலே லெ லியோனே என்பார் குறிப்பிடத்தக்க எண்களைப்பற்றிய நூலொன்றை 1983இல் வெளியிட்டார். இங்கிலாந்திலே டேவிட் வெல்ஸ் என்பார் விந்தையும் சுவையும் உடைய எண்களின் அகராதியை 1986இல் ஆக்கினார். இவற்றிலே சொற்களுக்குப் பதிலாக எண்களே தலைப்புக்கள். அகரவரிசைக்குப் பதிலாக அளவின் வரிசை.

கற்பலகையும் குறிப்பேடும்

இராமாநுஜனையும் 1729ஐயும் பற்றிய கதையைக் கேளாத மாணவர் இல்லை. இலண்டன் மாநகரின் பற்னிப் பகுதியிலே நோயுற்றிருந்த இராமாநுஜனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை மோட்டாரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகின்றதென்றும் கூறினார். உடனே இராமாநுஜன் அதனை மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 1இன் கனத்தையும் 12இன் கனத்தையும் கூட்டினால் 1729. 9இன் கனத்தையும் 10இன் கனத்தையும் கூட்டினாலும் 1729.

இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் இராமாநுஜனின் மின்னலனைய மதிநுட்பத்தை வியந்து நின்றுவிடுவர். அவ்வெண்ணின் இக்குணம் அந்நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகட்கு முன்னரே அவருடைய குறிப்பேட்டில் இடம்பெற்றிருந்தது என்பது பலர் அறியாதது. அதற்கும் முன்னர், 1657இலேயே, பிரான்ஸ் நாட்டுப் பிரேனிக்கில் என்பார் இதனைக் குறித்திருக்கின்றார். நோய்ப் படுக்கையிலே ஒரு கணத்திற் பிறந்ததாக நாம் கருதும் விடை, உண்மையில் நெடுங்காலப் பழக்கத்தின் விளைவு. எழுதி வைத்த ஏட்டின் பயன். இஃது அவர் பெருமையைக் குறைப்பதன்று. மேதைக்கும் ஏடு வேண்டியிருந்தது என்பதே நாம் பெறும் பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. இளமையில் வறுமையுற்றிருந்த இராமாநுஜன் காகிதத்தின் விலைக்கு அஞ்சிக் கற்பலகையிலே கணக்குச் செய்தார். எழுதியதை முழங்கையால் அழித்தார். முடிந்த முடிபை மாத்திரமே குறிப்பேட்டிற் பதிந்தார். வழி அழிந்தது, முடிபு எஞ்சியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட அம்முடிபுகளுக்கு ஆதாரங் காண்பதிலே கணித உலகம் பல பத்தாண்டுகளைச் செலவிட்டது. குறிப்பேடுகளின் நிழற்படிப் பதிப்பைப் பம்பாயிலுள்ள தாதா ஆராய்ச்சி நிலையம் 1957இல் வெளியிட்டது. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பேர்ண்ட் அவற்றுக்கு எழுதிய விளக்கம் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு மனிதன் கற்பலகையில் அழித்ததை மீட்கப் பலருடைய வாழ்நாள் வேண்டியதாயிற்று. குறிப்பெழுதுவோன் ‘என்ன’ என்பதோடு அமையாது ‘ஏன்’ என்பதையும் எழுதவேண்டும் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமோ?

அட்டையிற் பிறந்த களஞ்சியம்

1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக் கழகத்திலே நீல் ஸ்லோன் என்னும் ஆராய்ச்சி மாணவர் ஓர் எண்தொடரை எதிர்ப்பட்டார். 0, 1, 8, 78, 944, 13800 என்று அது வளர்ந்து சென்றது. அதனை முன்னர் எவரேனும் கண்டிருக்கின்றனரோ என்று நூல்களிலே தேடினார், கிடைக்கவில்லை. இனி இவ்வாறு தேடியலைவோர்க்கு உதவுமெனக் கண்ணிற்பட்ட எண்தொடர்களையெல்லாம் சிறு அட்டைகளிற் குறிக்கத் தொடங்கினார்.

அட்டைகள் பெருகின. 1973இல் 2372 தொடர்களைக் கொண்ட கைந்நூல் ஒன்று வெளிவந்தது. 1995இல் சைமன் புளூப் என்பாருடன் இணைந்து 5488 தொடர்களைக் கொண்ட கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். மறு ஆண்டிலே அது இணையத்தில் ஏறியது. 2010இல் விக்கி முறைக்கு மாற்றப்பட்டு, பதிவுபெற்ற தொண்டர்கள் பலர் கூடித் திருத்தவும் சேர்க்கவும் வகைசெய்யப்பட்டது. இன்று அதிலுள்ள தொடர்கள் மூன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. தனியொரு மாணவன் தன் தேவைக்காக எழுதிய அட்டை உலகத்துப் பொதுச்சொத்தாகிய வரலாறு இது. குறிப்பின் பயன் எழுதும்போது புலப்படுவதில்லை. அடுத்த குறிப்போடு அது சந்திக்கும்போதே புலப்படுகின்றது.

சிறுமீன்களின் ஏடு

விக்கி என்னுஞ் சொல் ஹவாய்த் தீவின் மொழியிலே விரைவைக் குறிப்பது. ஹொனலூலு விமான நிலையத்திலே பயணிகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு வழங்கிய பெயரை நினைவிற்கொண்டு, வாட் கனிங்ஹாம் என்னும் அமெரிக்கர் 1995 மார்ச்சு மாதத்திலே தாம் ஆக்கிய இணைய ஏட்டுக்கு அப்பெயரைச் சூட்டினார். பக்கங்களைப் படிப்பவரே அவற்றைத் திருத்தலாம். ஒரு பக்கத்தின் பெயரை மற்றொரு பக்கத்தில் எழுதிய அளவிலே இரண்டும் இணைந்துவிடும். இவ்விரண்டும் விக்கியின் அடிப்படைக் குணங்கள்.

கூட்டத்துக்கென்று பிறந்த இம்முறையைத் தனியொருவருக்கும் உரியதாக்கிய மென்பொருள்கள் பலவற்றுள் ‘ரிட்லிவிக்கி’ என்பது குறிப்பிடத்தக்கது. ஜெரமி ரஸ்ரன் என்னும் ஆங்கிலேயர் 2004இல் இதனை வெளியிட்டார். விலையின்றிக் கிடைப்பது. ஏடு முழுவதும் ஒரே கோப்பினுள் அடங்கிவிடும்; எழுதியவையும் அவற்றைக் காட்டும் பொறியும் அக்கோப்பிலேயே உள்ளன. இணையத் தொடர்பு அற்றபோதும் உலாவியிலே திறந்து படிக்கலாம். இதிலுள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் ‘ரிட்லர்’ என்று பெயர். ஆங்கிலேயர் பேச்சு வழக்கிலே மிகச் சிறிய மீனை அவ்வாறழைப்பர். பொருத்தமான பெயரே. பெருங்கட்டுரைகளை எழுதுவதற்கு அன்றிச் சிறு சிறு குறிப்புக்களை எழுதி, அவை கூட்டங்கூட்டமாகத் திரிய விடுவதற்கே இவ்வேடு அமைக்கப்பட்டது.

ஒவ்வொரு குறிப்புக்கும் தலைப்பு உண்டு, உரை உண்டு, இனங்காட்டும் குறிச்சொற்கள் உண்டு, வேண்டிய விவரங்களைத் தனித்தனியே இடுவதற்குப் புலங்கள் உண்டு. உரையினுள் ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்பினுள் எழுதினால் அப்பெயர் கொண்ட குறிப்புக்கு வழி திறக்கும். அப்பெயரில் இன்னும் குறிப்பு எழுதப்படவில்லையாயின் இணைப்பு சாய்ந்த எழுத்திலே தோன்றும். அதனைத் தொட்டால் வெற்றுப் பக்கம் விரிந்து, எழுதுமாறு நம்மை அழைக்கும். ஒரு குறிப்பை எந்தெந்தக் குறிப்புக்கள் சுட்டுகின்றன என்பதையும் மென்பொருள் தானே தேடிக் காட்டும். இன்ன குறிச்சொல் உடையவற்றையெல்லாம் வரிசைப்படுத்துக என்று ஒரு வடிகட்டி எழுதினால் பட்டியல் அக்கணமே உருவாகும்.

எண்களுக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்துகின்றது. சொற்களுக்குத் தலைப்பிடும்போது ஒருமையோ பன்மையோ, எழுத்துக்கூட்டல் எதுவோ என்ற ஐயமெழும். 28 என்னும் தலைப்பிலே ஐயத்துக்கு இடமேது? எண்கள் யாவும் நாம் பிறக்குமுன்னரே பெயரிடப்பட்டு வரிசையில் நிற்கின்றன. ஏடு அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தாற் போதும்.

28இன் பக்கத்திலே என்ன எழுதலாம்? 4இன் ஏழு மடங்கு என்று எழுதலாம். அப்பொழுது 4, 7 ஆகிய பக்கங்களோடு இணைப்பு உண்டாகின்றது. 1 முதல் 7 வரையுள்ளவற்றின் கூட்டுத்தொகை எனலாம். அது முக்கோண எண்களின் பட்டியலிற் சேர்கின்றது. 1இன் கனமும் 3இன் கனமும் கூடியது எனலாம். முதல் ஐந்து முதன்மை எண்களாகிய 2, 3, 5, 7, 11 என்பவற்றின் கூட்டுத்தொகை எனலாம். எல்லாவற்றினும் மேலாக, தன்னை ஒழிந்த காரணிகளாகிய 1, 2, 4, 7, 14 என்பன கூடித் தன்னையே தரும் பூரண எண் எனலாம். இங்கே 6, 496, 8128 என்னும் பக்கங்களுக்கு வழி திறக்கும். ஒற்றைப் பூரண எண் ஒன்று உண்டா என்னும் வினாவுக்கும் ஒரு பக்கம் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகட்கு மேலாக விடை காணப்படாத வினா அது. விடையற்ற வினாவும் குறிப்பேட்டின் செல்வமே.

முப்பது என்னும் பக்கம்

எண்ணின் தலைப்பிலே செய்தியைச் சேர்ப்பது எளிது. ‘ஏன்’ என்னும் புலத்தை நிரப்புவதே கல்வி. இதற்கு 30ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

30இலும் சிறியனவாய், அதனோடு 1ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாதனவாய் உள்ள எண்களை எழுதுக: 1, 7, 11, 13, 17, 19, 23, 29. ஒன்றை நீக்கினால் எஞ்சியவை யாவும் முதன்மை எண்கள். இக்குணம் 24க்கும் உண்டு. 18க்கும் 12க்கும் உண்டு. 30க்கு அப்பாலோ எந்த எண்ணுக்கும் இல்லை. 30ஏ இறுதியானது. மாணவன் இதனைப் படித்து வியப்பான்; குறிப்பேட்டிலே பதிவான். அங்கே நின்றுவிட்டால் அது வெறும் செய்தி.

ஏன் என்று கேட்கட்டும். 4 முதன்மை எண் அன்று. ஆகவே 4இலும் பெரிய எண் இக்குணத்தைப் பெறவேண்டுமாயின், 4 அதனோடு பொதுக்காரணி உடையதாக இருத்தல் வேண்டும். அதாவது, அவ்வெண் இரட்டை எண்ணாக வேண்டும். இவ்வாறே 9இலும் பெரியதாயின் 3ஆலும் வகுபடல் வேண்டும். 25இலும் பெரியதாயின் 5ஆலும் வகுபடல் வேண்டும். 2, 3, 5 மூன்றாலும் வகுபடுவன 30இன் மடங்குகளே. 49ஐக் கடந்தாலோ 7ஆலும் வகுபடவேண்டும். ஆகவே 210இன் மடங்காக வேண்டும். ஆனால் 210 என்பது 11இன் வர்க்கமாகிய 121ஐக் கடந்தது. எனவே 11ஆலும் வகுபடவேண்டும். ஆகவே 2310இன் மடங்காக வேண்டும். அதுவோ 13இன் வர்க்கமாகிய 169ஐக் கடந்து நிற்கின்றது. இவ்வாறு ஒரு நிபந்தனையை நிறைவேற்ற முயலுமிடத்து அடுத்த நிபந்தனை முன்வந்து நிற்கும். இத்துரத்தல் முடிவதேயில்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. எனவே 25க்கும் 49க்கும் இடையிலுள்ள 30இன் ஒரே மடங்காகிய 30உடன் வரிசை நின்றுவிடுகின்றது.

இவ்விளக்கத்தை எழுதி முடித்த மாணவனின் ஏட்டிலே 4, 9, 25, 49 என்னும் பக்கங்களும், 210, 2310 என்னும் பக்கங்களும் தாமே பிறந்திருக்கும். ஒரு வினா ஆறு பக்கங்களைத் திறந்துவிட்டது. அட்டவணையை மனனஞ் செய்யும் கல்விக்கும் இதற்கும் உள்ள தூரம் ஆசிரியர்க்கு விளங்காமற் போகாது.

எது குறிப்பு, எது குப்பை?

இனி, ஒரு தடையை ஆராய்வோம். தடையை எழுப்பியவர் வேறெவருமல்லர்; இராமாநுஜனை உலகுக்கு அறிமுகஞ் செய்த ஹார்டியேதான். 1940இலே தாம் வெளியிட்ட தன்னிலை விளக்க நூலில், எண்களைப்பற்றிய சில விந்தைகள் புதிர்ப் பத்திகளுக்கே ஏற்றவை, கணிதனுக்கு ஏற்றவையல்ல என்று அவர் தள்ளுகின்றார். அவர் எடுத்துக்காட்டும் விந்தைகளுள் ஒன்று இது: நான்கு இலக்க எண்களுள், தலைகீழாக எழுதிய தம் வடிவத்தின் மடங்காக இருப்பன 8712, 9801 என்னும் இரண்டே. 8712 என்பது 2178இன் நான்கு மடங்கு. 9801 என்பது 1089இன் ஒன்பது மடங்கு. மற்றொன்று, 153 தன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டியதற்குச் சமம் என்பது. இவை பத்தை அடியாகக்கொண்டு எண்களை எழுதும் நம் வழக்கத்தைச் சார்ந்தவை. எண்ணின் உள்ளியல்பைச் சார்ந்தவையல்ல. மனிதனுக்கு எட்டு விரல்கள் இருந்திருப்பின் இவ்விந்தைகள் இராமற் போயிருக்கும்.

ஹார்டியின் அறிவுரை மறக்கத்தக்கதன்று. எண்ணேடு எழுதுவோர் பலர் இலக்க விந்தைகளிலே மயங்கி, ஏட்டை வேடிக்கைச் சாலை ஆக்கிவிடுகின்றனர். ஆதலின் ‘எண்ணின் குணம்’ என்றும் ‘எழுத்தின் குணம்’ என்றும் இரு குறிச்சொற்களை முதலிலேயே வகுத்துக்கொள்வது நன்று. 1729 என்பது 7, 13, 19 என்னும் முதன்மை எண்களின் பெருக்கம் என்பது எண்ணின் குணம். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19 வரும், 19ஐ அதன் மறுதலையாகிய 91ஆற் பெருக்கினால் மீண்டும் 1729 வரும் என்பது எழுத்தின் குணம்.

ஆயினும் ஹார்டி தள்ளிய இரண்டு எண்களையுமே குறிப்பேட்டில் இட்டுப் பார்ப்போம். 9801 என்பது 1089இன் ஒன்பது மடங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதுகின்றோம். 8712இன் காரணிகளைத் தேடுகையில் அது 1089இன் எட்டு மடங்கு என்று காண்கின்றோம். அதன் தலைகீழாகிய 2178ஓ 1089இன் இரு மடங்கு. தனித்தனியே நின்ற இரு விந்தைகளும் 1089 என்னும் ஒரே வீட்டிலே வந்து சந்திக்கின்றன. அவ்வீட்டினுள் நுழைந்து அதன் மடங்குகளை வரிசையாக எழுதினால் 1089, 2178, 3267, 4356, 5445, 6534, 7623, 8712, 9801 என வரும். முதலாவதும் ஒன்பதாவதும் ஒன்றன் தலைகீழ் மற்றது; இரண்டாவதும் எட்டாவதும் அவ்வாறே; மூன்றாவதும் ஏழாவதும், நான்காவதும் ஆறாவதும் அவ்வாறே; நடுவிலுள்ள ஐந்தாவது தனக்குத் தானே தலைகீழ்.

காரணம் என்னை? 1089 என்பது 1100இலிருந்து 11ஐக் கழித்தது. ஆகவே அதன் மடங்குகளில் ஆயிரத்தானம் ஒவ்வொன்றாக ஏற, ஒன்றின் தானம் ஒவ்வொன்றாக இறங்குகின்றது. நூறும் பத்தும் அவ்வாறே எதிரெதிராக நடக்கின்றன. எனவே கூட்டினாற் பத்தாகும் இரு மடங்குகள் ஒன்றையொன்று தலைகீழாகக் காட்டுகின்றன. அந்த இணைகளுள் ஒன்று மற்றதன் முழு மடங்காவது எப்போது? ஒன்பதை ஒன்று வகுக்கும். எட்டை இரண்டு வகுக்கும். ஏழை மூன்று வகுக்காது. ஆறை நான்கு வகுக்காது. ஆகவே இவ்வரிசையில் 9801உம் 8712உம் மட்டுமே ஹார்டியின் பட்டியலுக்கு உரியன. அது மட்டுமன்று, எட்டை அடியாகக்கொண்டு எழுதினாலும் 1067ஐ 7ஆற் பெருக்க 7601 வருகின்றது. விரல்கள் எட்டானாலும் விந்தை முற்றாக மறைந்துவிடவில்லை. வேறு உருவிலே தொடர்கின்றது.

இதனால் ஹார்டி தவறினார் என்பது கருத்தன்று. பெருங்கணிதத்துக்கு இது இட்டுச் செல்லாது என்ற அவர் தீர்ப்பு நிலைத்தே நிற்கின்றது. ஆயின், மாணவனுக்கு வேண்டியது பெருங்கணிதத்துக்கு முந்திய ஒன்று: வேடிக்கையாகத் தோன்றியதன் பின்னே காரணம் நிற்கும் என்ற நம்பிக்கையும், அதனைத் தேடிக் கண்டபோது உண்டாகும் இன்பமும். இரண்டு பக்கங்கள் மூன்றாவதொரு பக்கத்திலே சந்தித்ததால் அந்த இன்பம் கிடைத்தது. விக்கியின் பயனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வதற்கில்லை.

ஒதுக்கப்பட்ட எண்கள்

எண்ணேடு எழுதுவோர் ஒவ்வொருவரும் விரைவிலே ஒரு வினாவை எதிர்ப்படுவர்: எதுவுமே சொல்வதற்கில்லாத எண் உண்டோ? 1945இலே பெக்கன்பாக் என்னும் கணிதர் இதனை விளையாட்டாக ஆராய்ந்தார். சுவையற்ற எண்கள் இருப்பின் அவற்றுள் மிகச் சிறியது ஒன்றிருக்கும். மிகச் சிறிய சுவையற்ற எண் என்பதே அதற்கு ஒரு சுவையன்றோ? வெல்ஸ் தம் அகராதியின் முதற் பதிப்பிலே 39ஐ அவ்வாறு சுட்டி நகையாடினார்.

நகைப்பின் பின்னே ஒரு மெய்ம்மை உண்டு. ஸ்லோனின் களஞ்சியத்திலே எந்தத் தொடரிலும் வெளிப்படையாக இடம்பெறாத மிகச் சிறிய எண் யாது என்று தேடியவர்கள் 2009 ஜூன் மாதத்திலே 11630ஐக் கண்டனர். பின்னர்ப் புதிய தொடர்கள் சேர அவ்விடம் மாறியது. 2021 மே மாதத்தில் அது 20067. மேலும், எண் ஒவ்வொன்றும் களஞ்சியத்தில் எத்தனை முறை வருகின்றதென்று எண்ணி வரைந்த படத்திலே, புள்ளிகள் இரு முகிற்கூட்டங்களாகப் பிரிந்து நடுவே தெளிவானதோர் இடைவெளி தோன்றியது. ‘ஸ்லோனின் இடைவெளி’ எனப்படும் இதனைப் பிரான்ஸ் நாட்டு டெலஹாயும் அவருடன் இருவரும் ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். மேற்கூட்டத்தில் முதன்மை எண்களும், வர்க்கம் முதலிய அடுக்குகளும், காரணிகள் மிக்க எண்களும் பெருமளவில் இருந்தன. எண்களின் இயல்பு மட்டும் இப்பிரிவுக்குக் காரணமாகாது, கணிதர் கூட்டத்தின் விருப்பமும் பழக்கமுங்கூடக் காரணமாகும் என்பது அவர்களின் முடிவு.

இது சிந்தனைக்குரியது. நாம் ‘முக்கியமானது’ என்று எண்ணுவதெல்லாம் பொருளின் முக்கியத்துவமா, அல்லது முன்னோர் நோக்கிய திசையின் விளைவா? மேற்கூட்டத்தில் இருப்பவை மீண்டும் மீண்டும் நோக்கப்படுகின்றன. நோக்கப்படுவதனால் மேலும் குறிப்புப் பெறுகின்றன. கீழ்க்கூட்டத்தில் இருப்பவையோ எவரும் தட்டாத கதவுகள். எண்களில் மட்டுமா இவ்விடைவெளி உண்டு? நூலகத்து நூல்களிலும் வகுப்பறை மாணவரிலும் இத்தகைய இடைவெளிகளைக் காணாதார் இரார். தனியாள் விக்கி தனியாளுக்கு உரியதாகையால், ஊரார் விருப்பத்துக்குப் பணியாமல் 39இன் கதவையும் தட்டிப் பார்க்க இடந்தருகின்றது.

முப்பத்தொன்று தரும் எச்சரிக்கை

பொறியால் விளையும் ஒரு மயக்கத்தையும் கூறவேண்டும். காரணி, வர்க்கம், முந்திய எண், பிந்திய எண் ஆகியவற்றை எல்லா எண்களுக்கும் தானே கணித்துக் காட்டும் அச்சொன்றை விக்கியிலே அமைத்துவிடலாம். அப்போது ஏடு ஒரே நாளிற் பல்லாயிரம் பக்கங்களாகப் பெருத்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் எழுதியவன் ஒன்றும் அறிந்திரான். கணினி கணிக்கத்தக்கதைக் கணினியிடமே விட்டு, கணிக்கத்தகாததை எழுதுவதே மனிதன் செயல்.

ஒழுங்கைக் கண்டவுடனே விதியென்று எழுதிவிடும் ஆசையும் இம்மயக்கத்தின் உடன்பிறப்பு. வட்டத்தின்மேல் ஒரு புள்ளி இட்டால் வட்டத்தின் உட்பரப்பு ஒரே பகுதி. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் இரண்டு பகுதிகள். மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு, நான்கு புள்ளிகளால் எட்டு, ஐந்தினாற் பதினாறு. அடுத்தது முப்பத்திரண்டென்று எவரும் சொல்வர். மூன்று கோடுகள் ஓரிடத்திற் சந்தியாவண்ணம் ஆறு புள்ளிகளை இட்டு வரைந்து எண்ணிப் பார்த்தால் 31தான் வரும். 31இன் பக்கத்திலே இது எழுதப்படவேண்டிய குறிப்பு. அதே பக்கத்திலே 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 31 என்று எழுதியிருக்கும். ஒரே எண் ஓரிடத்தில் இரட்டிப்பு வரிசையின் நிறைவாகவும், மற்றோரிடத்தில் அவ்வரிசையின் முறிவாகவும் நிற்பதைக் காணும் மாணவன், ஐந்து சான்றுகளைக் கொண்டு ஆறாவதை முடிவுசெய்யலாகாது என்பதை வாழ்நாளில் மறவான். இந்தப் பாடம் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று.

ஏட்டைக் காத்தல்

1920 ஏப்பிரல் மாதம் 26ஆந் திகதி இராமாநுஜன் காலமானார். இறுதி ஆண்டிலே அவர் எழுதிய தாள்கள் பல கைகள் மாறிக் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி நூலகத்தை அடைந்து, அங்கே பெட்டியொன்றிற் கிடந்தன. 1976இலே ஜோர்ஜ் அன்ட்றூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வேறு தாள்களைத் தேடிச் சென்றபோது அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் அவற்றில் இருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அவற்றை இழந்திருந்தது. காணாமலே போயிருக்கவுங் கூடும்.

ஓலையைச் செல்லரிக்கும், காகிதத்தைத் தீ உண்ணும், கணினிக் கோப்போ ஒரு தவறான விசையழுத்தத்தில் மறையும். ஒரே கோப்பிலே ஏடு முழுவதும் அடங்குவது வசதி. அதுவே அபாயமும் ஆகும். ஆனால் ஓலையைப் படியெடுக்க ஒரு மாதம் வேண்டியிருந்தது. கோப்பைப் படியெடுக்க ஒரு நொடி போதும். வாரந்தோறும் ஒரு படி வேறிடத்தில் வைப்பதும், ஆண்டுக்கொருமுறை அச்சிட்டுக் கட்டுவதும் ஏடு எழுதுவோன் கடமைகள்.

ஆசிரியர்கள் இம்முயற்சியை வகுப்பிலே தொடங்கலாம். கணினி இல்லையாயின் ஸ்லோனைப்போல அட்டைகளே போதும். நாற்பது மாணவர் இருப்பின் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுக்க. ஒரு தவணை முழுவதும் அவ்வெண்ணுக்கு அவரே காவலர். வாரம் ஒரு குறிப்பு. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ‘ஏன்’ என்று ஒரு வரி. காரணம் தெரியாதபோது அவ்வரியை வெறுமையாக விடட்டும். விக்கியிலே சாய்ந்த எழுத்தைப்போல அவ்வெற்றிடம் அவரை அழைத்துக்கொண்டே இருக்கும். முப்பதைப் பெற்ற மாணவன் அதிர்ஷ்டசாலி என்று மற்றையோர் முதலிற் பொறாமை கொள்வர். முப்பத்தொன்பதைப் பெற்றவன் முதல் வாரம் சலித்து, இரண்டாம் வாரம் அது 3 முதல் 13 வரையுள்ள முதன்மை எண்களின் கூட்டுத்தொகையென்று கண்டுபிடித்து, அதன் இரு முனைகளாகிய 3ஐயும் 13ஐயும் பெருக்கினாலும் அதே 39 வருகின்றதே, இது ஏன் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்கு விடை சொல்ல ஆசிரியர் அவசரப்பட வேண்டியதில்லை. இவ்வாறமையும் எண்கள் வேறு உண்டோ என்று தேடி வருமாறு அவனை அனுப்பிவிட்டு, அவன் ஏட்டின் அடுத்த பக்கத்துக்காகக் காத்திருக்கலாம்.